ஏழு ஏ ஷெட்

போன மாதம் ஒரு பெண் என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்து ஒரு பென் டிரைவை மேசைமேல் வைத்தார். மாமனார் நடத்திய முட்டைக்கோழிப் பண்ணையை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கம்ப்யூட்டரை மூட்டை கட்டிவிட்டு எல்லாவற்றையும் செல்போன் செயலிக்கு மாற்றப் போகிறாராம். பழைய பதிவுகளை என் புரோகிராமிலிருந்து எடுத்து அனுப்பினால், ஏறவில்லை என்று செயலிக்காரர்கள் திருப்பிவிட்டார்கள்.

"மத்ததெல்லாம் சரியா இருக்குதுங்களாமா அக்கா. இந்த ஷெட் நம்பருக்கு மட்டும் ரெண்டு பக்கமும் கொட்டேஷன் போட்டிருக்குதுங்களே, அத எடுத்துட்டா ஏறிக்குமாமுங்க."

"அத எடுக்கக் கூடாதுங்க" என்றேன்.

வெடுக்கென்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அவர் முகம் சுருங்கிவிட்டது. என் வாய் எப்போதும் இப்படித்தான். தலை நரைத்தும் அடங்கவில்லை. செயலிக்காரர்களிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று சமாதானம் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவைத்தேன். அவர்களும் இரண்டு நாள் முனகிவிட்டு வழிக்கு வந்தார்கள். ஆனால் அந்தக் குறி எதற்கு என்று அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நாமக்கல் பரமத்தி ரோட்டில், லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் ஒரே ஒரு அறை. அதுதான் என் ஆபீஸ். கீழே நாள் முழுக்கத் தகரம் தட்டுவார்கள். மேலே என் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அதற்குப் போட்டியாகக் கத்தும். போனில் பேசுகிறவர்களிடம் நான் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும். மத்தியானத்துக்குமேல் கீழேயிருந்து புது பெயிண்ட் வாசனை ஏறி வரும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் நின்று ஒரு மூச்சு இழுத்துக்கொள்வேன். என் வாழ்க்கையில் நான் மிகச் சந்தோஷமாக இருந்தது அந்த அறையில்தான். சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதி, அதை ஊரில் நாலு பேர் நம்பி வைத்திருக்கிறார்கள் என்பது அந்த வயதில் லேசான விஷயம் இல்லை. தரையில் கால் படாமல்தான் நடந்துகொண்டிருந்தேன்.

கோழிப் பண்ணைகளுக்கான புரோகிராம் அது. எந்த ஷெட்டில் எந்த பேட்ச் கோழி, அதற்கு எத்தனை வாரம் வயது, இன்றைக்கு எத்தனை முட்டை, எத்தனை சாவு என்று தினமும் பதிந்துகொண்டு வரலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், மருந்து. வெள்ளைக்கழிச்சல் வராமலிருக்க முட்டைக்கோழிகளுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை குடிதண்ணீரில் தடுப்பு மருந்து கலந்துவிட வேண்டும். ஷெட்டுக்கு ஷெட் தேதி மாறும். இந்த வாரம் எந்தெந்த ஷெட்டுக்கு முறை என்று திங்கட்கிழமை காலையில் என் புரோகிராம் ஒரு பட்டியல் அச்சடித்துக் கொடுக்கும். பண்ணைகளில் அதற்குப் பெயரே திங்கக்கிழமை லிஸ்ட்.

முப்பது பண்ணைகள் சேர்ந்திருந்தன. முப்பதும் ஒரே பதிப்பில் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஒருவரிடம் முதல் பதிப்பு, ஒருவரிடம் இரண்டாவது, ஒருவர் வாங்கிய நாளிலிருந்து எதையுமே மாற்ற விடாதவர். புதுசு வந்திருக்கிறது, போட்டுத் தருகிறேன் என்று போனால், "ஓடற வண்டிய எதுக்கு அம்மிணி இறக்கிப் பாக்கோணும்?" என்பார்கள். லாரி ஊர், பேச்சும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அத்தனை பேரும் பதிவுகளை ஃபிளாப்பியில் எடுத்து என்னிடம்தான் கொண்டுவருவார்கள். மாத அறிக்கை நான்தான் அச்சடித்துத் தர வேண்டும். எந்தப் பதிப்பிலிருந்து வந்தாலும் என் கம்ப்யூட்டர் அதைப் படித்தாக வேண்டும். புதுப் பதிப்பில் ஒரு கட்டம் கூட்டினால், பழையதில் அது இல்லாமல் போகுமே என்று யோசிக்க வேண்டும். ஒரு நீளமான நோட்டில் ஒவ்வொரு பதிப்பிலும் ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை எழுத்து அகலம், தேதி எந்த வரிசை என்று கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன். ஃபிளாப்பிகளுக்குக் கலர் கலராக ஸ்கெட்ச் பேனாவில் லேபிள். கொண்டுவருகிறவர்கள் கையோடு ஒரு அட்டை உடைசல் முட்டையும் கொண்டுவருவார்கள். வாரத்தில் ஐந்து நாள் முட்டைப் பொரியல் சாப்பிட்டே அந்த வருடங்களைக் கழித்தேன். எனக்கு அதெல்லாம் இன்னும் ஏக்கமாக இருக்கிறது. இப்போது யாரும் எதையும் கையில் கொண்டுவருவதில்லை.

பழைய பதிப்புகளில் ஷெட் எண்ணை இரண்டு பக்கமும் கொட்டேஷன் போட்டு எழுத்தாகத்தான் வைத்திருந்தேன். அந்தக் குறி இருந்தால் கம்ப்யூட்டர் அதை எண்ணாக எடுக்காது. அதில் ஒரு தொல்லை. எழுத்தாக இருந்தால் கம்ப்யூட்டர் ஒன்று, பத்து, பதினொன்று, அதற்குப் பிறகு இரண்டு என்று அடுக்கும். "என்ன அம்மிணி, ஒண்ணுக்கப்புறம் பத்துங்குது உன்ற கம்ப்யூட்டரு, பால்வாடிக்கே போகலயாட்டிருக்குது?" என்று ஆளாளுக்குக் கிண்டல். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்றாவது பதிப்பில் அந்தக் கட்டத்தையே எண்ணாக மாற்றிவிட்டேன். பழைய ஃபைலை எடுத்து, எழுத்தை எண்ணாக்கி, புதுசுக்குள் ஏற்ற ஒரு சின்ன புரோகிராமும் எழுதினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அழகாக வரிசையில் வந்தது.

சேந்தமங்கலம் போகிற ரோட்டில் ஒரு பண்ணை. பதினோரு ஷெட். ஷெட் வாசலில் நின்றால் நேரெதிரே கொல்லிமலை. முதலாளி நல்ல மனிதர், ஆனால் எட்டு என்ற எண் ஆகாது. வண்டி நம்பரைக் கூட்டினால் எட்டு வரக்கூடாது, எட்டாம் தேதி குஞ்சு இறக்கக்கூடாது. இந்தப் பக்கம் அது ஒன்றும் அதிசயம் இல்லை. அதனால் அவர் பண்ணையில் ஏழாம் ஷெட்டுக்கு அடுத்தது ஏழு ஏ, அதற்கடுத்தது ஒன்பது. சுவரில் பெயிண்டில் பெரிதாக எழுதியிருக்கும். எத்தனை தடவை மொபெட்டில் அந்தப் பண்ணைக்குப் போய் அந்தச் சுவரைப் பார்த்திருக்கிறேன். இருந்தும் மூன்றாவது பதிப்பைப் போடும்போது அது என் புத்தியில் உறைக்கவில்லை. எழுத்தை எண்ணாக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் 7A என்பதில் ஏழை எடுத்துக்கொண்டு ஏ-வைச் சத்தமில்லாமல் போட்டுவிடும். இரண்டு ஷெட்டும் ஒன்றாகிவிட்டன, ஏழுக்கு மருந்து விட்டால் ஏழு ஏ-க்கும் விட்டதாகக் கணக்காகிவிடும்.

சரிபார்க்காமல் இல்லை. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் மொத்தக் கோழி, மொத்த முட்டை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. இரண்டு ஷெட்டைச் சேர்த்தால் மொத்தம் எப்படிக் குறையும்? அன்றைக்கு அது தோன்றாமல், மொத்தம் சரியாக இருக்கிறதென்று முதலாளியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் பதிவு போடுகிறவர் முதலாளிதான், ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பார். ஏ-வை அழுத்தினால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வந்து ஏழோடு நின்றதாம். புதுசு இப்படித்தான் போல என்று அவரும் விட்டுவிட்டார்.

அந்தப் பண்ணையில் மருந்து விடுகிற பொறுப்பு ஒரு பெண் சூப்பர்வைசருடையது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். விடிகாலையில் தண்ணீரை நிறுத்தி, கோழிக்குத் தாகம் எடுக்கும்வரை காத்திருந்து, ஐஸ் பெட்டியிலிருந்து மருந்தை எடுத்து, பால் பவுடர் கரைத்த தண்ணீரில் கலந்து விடுவார். அவர் நடக்கிற வேகத்துக்கு என்னால் ஓடத்தான் முடியும். கணவருக்கு அதே பண்ணையில் தீவனம் அரைக்கும் வேலை. குடியிருந்தது பண்ணைக்குள்ளேயே, வேலையாட்களுக்குக் கட்டிய லைன் வீட்டில். ஒருதடவை யாரோ ஒரு ஷெட்டுக்கு இரண்டு முறை மருந்து விட்டுவிட்டதிலிருந்து, திங்கக்கிழமை லிஸ்டில் இருப்பதைத்தான் செய்ய வேண்டும், இல்லாததைத் தொடக்கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

புதுப் பதிப்பு போட்டு சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் அந்த அக்கா எனக்கு போன் செய்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கீழே தகரச் சத்தம்.

"அம்மிணி, ஏழு ஏ-க்கு இந்த வாரம் முறை வரோணும்ங்க. லிஸ்ட்ல வரலீங்களே?"

"லிஸ்ட்ல வரலைன்னா தேதி வரலைன்னு அர்த்தம் அக்கா."

"இல்லீங்க, ஏழுக்கு விட்டு மூணு வாரம் ஆச்சுங்க. எப்பவும் அதுக்கப்புறம் ஏழு ஏ-க்கு வருமுங்க."

"அக்கா, உங்களுக்கு மறக்கும், எனக்கு மறக்கும், கம்ப்யூட்டருக்கு மறக்காதுங்க. அது சொல்றதப் பண்ணுங்க போதும்."

"சரிங்க அம்மிணி" என்று வைத்துவிட்டார். நான் சோற்றை முடித்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

ஏழு ஏ-யில் முதலில் முட்டை குறைந்தது. பிறகு ஓடில்லாத தோல் முட்டை. பிறகு கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழ ஆரம்பித்தன. செத்த கோழிகளைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளைக்கழிச்சல்தான் என்றும், மற்ற கோழிகளின் ரத்தத்தைப் பார்த்தால் இந்த ஷெட்டுக்கு மருந்து போய் வெகு நாளாகிறதென்றும் சொல்லிவிட்டார்கள். முதலாளி வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டு ஏழு ஏ என்று அடித்துப் பார்த்திருக்கிறார். அது ஏ-வை விட்டுவிட்டு ஏழின் பதிவைக் காட்டியிருக்கிறது. இன்ன தேதியில் மருந்து விடப்பட்டது. ஆக, மருந்து விட்டதாகக் கம்ப்யூட்டர் சொல்கிறது, விடவில்லை என்று கோழி சொல்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டது அந்த அக்கா. ஷெட் வாசலில் வேலையாட்கள் எல்லார் முன்னாலும் அவரை நிற்கவைத்து, மருந்து விடாமலே விட்டதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டாய் என்று திட்டி, அவரை வாய் திறக்கவும் விடாமல், ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் எனக்கு வியாழக்கிழமைதான் தெரியும். முதலாளி ஃபிளாப்பியோடு மாடிப்படி ஏறி வந்தார்.

"ஏழு ஏ-வோட மருந்துப் பதிவு முழுக்க அடிச்சுக் குடு கண்ணு. நாளைக்கு அவங்க சொந்தக்காரங்க பேச வாராங்க. வாயில சொன்னா நம்ப மாட்டாங்க, பேப்பரக் காட்டோணும்."

ஒரு சூப்பர்வைசருக்கு இப்படி ஒரு பேர் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொந்தம், இல்லையென்றால் ஒரே இடத்தில் தீவனம் வாங்குகிறவர்கள். ஒரு வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் தம்மம்பட்டி வரைக்கும் போனாலும் அவருக்கு ஒரு ஷெட்டில்கூட வேலை கிடைக்காது.

பிரிண்டரில் பேப்பர் நகர நகரப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் ஷெட், முட்டை இவ்வளவு. அதே தேதியில் மறுபடியும் ஏழாம் ஷெட், முட்டை வேறு. ஒவ்வொரு நாளும் இரண்டு வரி. அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மத்தியானச் சோறும், போனும், "கம்ப்யூட்டருக்கு மறக்காதுங்க" என்று நான் சொன்னதும் அப்படியே ஞாபகம் வந்தது.

"ரிப்பன் தேஞ்சுபோச்சுங்க. நாளைக்குக் காலையில நானே கொண்டுவாரேனுங்க" என்று பொய் சொல்லி அவரை அனுப்பினேன்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். முப்பது பண்ணை, எல்லாவற்றிலும் என் புரோகிராம். விஷயம் வெளியே வந்தால் நாளைக்கு யார் நம்புவார்கள்? ஒரு கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு எழுந்து பழைய கம்ப்யூட்டரின் மேலிருந்த துணியை எடுத்தேன். அதில் இரண்டாவது பதிப்பு அப்படியே இருந்தது. புதுசில் இருக்கும் பதிவுகளைப் பழசு படிக்கிற மாதிரி திருப்பி எடுக்க வேண்டும். பழசிலிருந்து புதுசுக்கு வரத்தான் வழி செய்திருந்தேன், திரும்பிப் போக வழியே செய்யவில்லை. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, தேதியின் வரிசையை மாற்றி, கட்டங்களின் அகலத்தைக் குறைத்து எழுதினேன். தொலைந்த ஏ-வுக்கு என்ன செய்வது? பேட்ச் எண் காப்பாற்றியது. ஏழில் இருந்தது ஒரு பேட்ச், ஏழு ஏ-யில் இருந்தது அதற்கு மூன்று வாரம் இளையது. அதை வைத்து ஒவ்வொரு வரியாகப் பிரித்து, ஏ-வைத் திரும்ப ஒட்டினேன். சாயங்காலம் பட்டறை அடங்குகிற நேரத்துக்குப் பழைய புரோகிராம் அந்த ஃபைலைப் படித்துவிட்டது. அந்த அக்கா போன் செய்த வாரத்தின் திங்கக்கிழமை லிஸ்டை அச்சடிக்கச் சொன்னேன். அடித்தது. இரண்டாவது வரியில், ஏழு ஏ.

மறுநாள் காலையில் இரண்டு பேப்பரோடு பண்ணைக்குப் போனேன். ஒன்று புதுசு அடித்த லிஸ்ட், ஒன்று அதே வாரத்துக்குப் பழசு அடித்தது. முதலாளி ஷெட் வாசலில்தான் நின்றிருந்தார். வேலையாட்கள் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விளக்கிச் சொன்னேன். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. முகம் இறங்கிவிட்டது. ஆள் அனுப்பி அந்த அக்காவை வரச் சொன்னார்.

அவர் வந்து எங்களிடமிருந்து நாலு அடி தள்ளி நின்றார். இந்த ஐந்தாறு நாளில் முகம் பாதியாகியிருந்தது.

"இந்த அம்மிணி எல்லாஞ் சொல்லிருச்சு" என்றார் முதலாளி, பேப்பரைப் பார்த்தபடி. "லிஸ்ட்ல ஏழு ஏ-வே வரல. உன்ற மேல தப்பு இல்ல. கம்ப்யூட்டர் பண்ணின தப்பு. ஊட்டையெல்லாம் காலி பண்ண வேண்டாம், போய் வேலையப் பாரு."

வேலையாட்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கம்ப்யூட்டர் பண்ணின தப்பு. யார் தலையிலும் விழாத தப்பு. எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. நான் தலையை ஆட்டினேன் என்றே நினைக்கிறேன்.

அந்த அக்கா அசையவில்லை. முதலாளியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டருக்கு நான் போன் பண்ணலீங்க அம்மிணி. உங்களுக்குத்தானுங்க பண்ணுனேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மருந்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்று சொல்கிற அதே குரல்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "போனா? என்ன போனு?"

"அதையுஞ் சொல்லுங்க" என்றார் அந்த அக்கா.

சொன்னேன். அவர் கேட்டதை, நான் சாப்பிட்டுக்கொண்டே பதில் சொன்னதை, அவர் மூன்று வாரக் கணக்குச் சொல்லியும் நான் காதில் வாங்காததை, கம்ப்யூட்டருக்கு மறக்காது என்றதை, எல்லாவற்றையும் அந்த வாசலில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அந்த அக்கா போதும் என்று சொல்லவில்லை. கடைசி வார்த்தை வரைக்கும் நின்று கேட்டார். பிறகு, கட்டி வைத்திருந்த சாமான்களைப் பிரிப்பதற்காக வீட்டைப் பார்த்து நடந்தார்.